மாட்டுக்கு யார் வைத்தியர்?

நம் தேசத்தில் மனிதனுக்கு நோய் வந்தால் அவன் வைத்தியரைத் தேடிக்கொண்டு போகவேண்டும். மாட்டுக்கு நோய் வந்தாலோ வைத்தியர்கள் தாமாகவே தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தொழுவத்தில் ஒரு பசு தீனி எடுக்காமல் படுத்துவிட்டது என்ற செய்தி தெருக்கோடிக்குப் போய்ச் சேருமுன்பே, அடுத்த வீட்டுக்காரர் மிளகும் வெற்றிலையும் அரைத்துக் கொடுக்கச் சொல்லுவார்; எதிர்வீட்டுப் பாட்டி திருஷ்டி கழிக்கச் சொல்லுவாள்; சந்தைக்குப் போய்வரும் தரகர், சூடு போட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும் என்பார். இவர்களுக்கெல்லாம் பின்னால் மோட்டார் சைக்கிளில் தோல்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வந்து இறங்குவார். ஊரார் அவரை "டாக்டர்" என்றே அழைப்பார்கள். பையைத் திறந்தால் ஊசி, மருந்துப் புட்டி, ரப்பர்க் குழாய் எல்லாம் இருக்கும். வைத்தியம் செய்யச் சட்டம் கொடுக்கும் அனுமதி ஒன்றுதான் இராது.

இது ஏதோ உத்தியோகஸ்தர்களின் காகிதச் சண்டை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரு கறவை மாடுதான் ஏழைக் குடியானவனுடைய பாங்கிக் கணக்கு. பெண்ணின் கல்யாணச் செலவும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் அதன் மடியிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. அதன் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றும் கை யாருடையது, அந்தக் கைக்கு எவ்வளவு தூரம் போக உரிமை உண்டு, தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பவையெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு வாழ்வா தாழ்வா என்ற விஷயங்கள்.

1984ஆம் வருஷம் பார்லிமெண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமத்துத் தொழுவம் வரையில் நீளுவது அதன் 30ஆம் பிரிவு. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறியவர் அல்லாமல் வேறு எவரும் எந்த ராஜ்யத்திலும் மிருக வைத்தியத் தொழில் நடத்தக்கூடாது என்று அது கூறுகிறது. மிருக வைத்தியர் என்ற உத்தியோகம் வகிப்பதும், பிராணியின் உடல்நிலை பற்றிச் சர்டிபிகேட் எழுதிக் கையொப்பமிடுவதும், நீதிமன்றத்தில் நிபுணராக நின்று சாட்சி சொல்வதும் அவர்களுக்கே உரியவை. அந்தப் பட்டத்துக்கு இன்று ஐந்தரை வருஷம் படிக்கவேண்டும். நம் சென்னையில் 1903ல் தொடங்கப்பட்ட மிருக வைத்தியக் கல்லூரி, 1935ல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்று, இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தத் துறையில் பட்டப்படிப்பை நடத்திய பெருமை உடையது.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசிய சட்டம், உடனே ஒரு ஜன்னலையும் திறந்து வைக்கிறது. கால்நடை இலாகாவிலோ ஒரு மிருக வைத்திய ஸ்தாபனத்திலோ உதவியாளர் பயிற்சி பெற்று டிப்ளமாவோ சர்டிபிகேட்டோ வைத்திருப்பவர்கள், பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வையிலும் கட்டளையின் கீழும், "சிறு சேவைகள்" செய்யலாம் என்று ராஜ்ய சர்க்கார் உத்தரவிடலாம். சிறு சேவை என்றால் என்ன? தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுதல் முதலிய ஆரம்ப உதவிகள். இவை போக வேறு எந்த உதவியை, எந்த நோய்க்கான சிகிச்சையைச் சேர்க்கலாம் என்பதை ராஜ்ய சர்க்கார் கெஜட்டில் பிரசுரித்து அறிவிக்கலாம்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். இதில் எல்லாப் பாரத்தையும் தாங்கி நிற்கும் சொல் "மேற்பார்வை." பொதுவாகப் பேசுகிறவர்கள் ஊசி யார் கையில் இருக்கிறது என்பதைப்பற்றியே விவாதிக்கிறார்கள். ஊசி குத்துவது அப்படி ஒன்றும் பிரமாத வித்தையல்ல. சுறுசுறுப்பான பையன் ஒருவன் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு விடுவான். குத்தலாமா, எதைக் குத்துவது, எப்பொழுது நிறுத்துவது என்று நிச்சயிப்பதற்குத்தான் ஐந்தரை வருஷம் வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணத்தைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம். நிறையப் பால் கறக்கும் கலப்பினப் பசு ஒன்று கன்று போடுகிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ கால்கள் தள்ளாடிப் படுத்துவிடுகிறது. தலையைத் திருப்பி விலாப்பக்கம் வைத்துக்கொள்கிறது. காதைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது. இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயரில் காய்ச்சல் இருக்கிறதே தவிர உடம்பில் இல்லை. திடீரென்று மடியில் பால் ஊறும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுதியாகப் பாலுக்குப் போய்விடுவதால் வரும் வியாதி இது. வைத்தியர் வந்து கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் அன்றே பசு எழுந்து நிற்கும். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கால்நடை வைத்தியத்தில் இவ்வளவு நாடகத் தன்மை வாய்ந்த காட்சி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளனும் இதைப் பார்க்கிறான். இரண்டு முறை பார்க்கிறான். மூன்றாம் முறை தானே செய்துவிடுகிறான். முதல் நாலைந்து மாடுகள் எழுந்தும் விடுகின்றன. ஆனால் அந்த மருந்து சற்று வேகமாக ஏறினால் இருதயம் நின்றுபோகும். நாடித் துடிப்பைக் கவனித்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். துடிப்புத் தடுமாறினால் அந்த க்ஷணமே நிறுத்திவிட வேண்டும். அதோடு போயிற்றா? கன்று போட்டபின் படுத்துவிட்ட பசுக்களெல்லாம் பால் காய்ச்சல்காரிகள் அல்ல. பிரசவத்தில் கால் நரம்பு நசுங்கியும் படுத்திருக்கலாம். கருப்பையிலோ மடியிலோ விஷம் ஏறியும் படுத்திருக்கலாம். விஷம் ஏறிய பசுவின் இருதயம் ஏற்கனவே தளர்ந்திருக்கும். அதற்குக் கால்சியம் புட்டியை மாட்டுகிறவன் நோயோடு சேர்ந்துகொண்டு மாட்டைக் கொல்லுகிறான். மறுநாள் ஊரில், "பாவம், எவ்வளவோ பாடுபட்டார், அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று பேசிக்கொள்வார்கள். மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்தால் அந்தப் பணத்துக்கும் ஆபத்து. மாடு எதனால் செத்தது என்று பதிவு பெற்ற வைத்தியர் சர்டிபிகேட் கொடுத்தாகவேண்டும். உயிரோடு இருந்தபோது அவர் அந்த மாட்டைப் பார்த்தே இருக்கமாட்டார்.

அரைகுறை வைத்தியத்தின் தீங்கு தொழுவத்தோடு நிற்பதுமில்லை. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தின் கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாட்டுக்கு மூட்டு வலியா, மடி வீக்கமா, ஜுரமா, எதுவானாலும் இந்த ஊசியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. விலை மலிவு, பசு சற்று நேரத்தில் அசை போடும், மாட்டுக்காரனுக்குத் திருப்தி. ஊசி போட்ட சில நாளைக்குள் அந்த மாடு இறந்து, அதன் உடலைக் கழுகுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிழும். பாகிஸ்தானத்தில் நடந்த ஆராய்ச்சி 2004ல் இதை ருசுப்படுத்தியது. அதற்குள் நம் நாட்டு வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன. ஜடாயுவுக்குக் கோயில் கட்டிய தேசத்தில், ஜடாயுவின் வம்சத்தை ஒரு மருந்துப் புட்டியினால் அழித்துவிட்டோம்.

2006ல் சர்க்கார் இந்த மருந்தைக் கால்நடைகளுக்கென்று தயாரிப்பதைத் தடை செய்தது. அதனால் புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு மாறியதே தவிர ஊசி நிற்கவில்லை. மனிதர்களுக்கென்று விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2015ல், மனிதர்களுக்கான ஊசி மருந்தை ஒருவேளைக்குரிய 3 மில்லி அளவில்தான் விற்கவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஒரு மாட்டுக்குப் பல சிறு புட்டிகளை உடைக்க வேண்டியிருந்தால் மாட்டுக்காரனும் யோசிப்பான், ஊசிக்காரனும் யோசிப்பான் என்பது இதன் தாத்பரியம். மருந்துக் கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்தன. 2017ல் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் வட்டமிடும் சில கழுகுகளுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு துணை. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து இருக்கத்தான் இருக்கிறது. பதிவேட்டில் பெயருள்ள வைத்தியர் தடை செய்த மருந்தைக் கொடுத்தால் கேள்வி கேட்கக் கவுன்சில் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு வருபவரை எந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, பட்டமில்லாதவர் எவரும் மாட்டின் பக்கமே போகக்கூடாது என்று சொல்லப் போகிறேன் என்று யாராவது எண்ணினால், அவருக்கு நம் தேசத்தின் கணக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். 2019ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 53 கோடியே 57 லக்ஷம் கால்நடைகள் இருந்தன. அவற்றில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல். எருமைகள் சுமார் 11 கோடி. ஐயாயிரம் மாடுகளுக்கு ஒரு வைத்தியர் இருக்கவேண்டும் என்று தேசிய விவசாயக் கமிஷன் 1976ல் சிபாரிசு செய்தது. ஐயாயிரம் மாடுகளுக்கு ஒருவர் என்ற அந்த விகிதமே, ஒருவர் கையால் செய்யக்கூடிய காரியமல்ல. அதே 2019ல் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் ஒழிப்பதற்காக மத்திய சர்க்கார் 13,343 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. கோமாரி ஊசி வருஷத்துக்கு இரண்டு முறை போட்டாக வேண்டும். தேசத்திலுள்ள மாடு ஒவ்வொன்றின் கழுத்திலும் பட்டதாரி ஒருவரே ஊசி குத்தவேண்டும் என்றால், முதல் மாட்டுக்குக் குத்திய ஊசியின் பலன் தீர்ந்த பிறகும் அவர் பாதி ஜில்லாவைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்.

பட்டமில்லாத கைகள் என்னென்ன சாதிக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் ஊர் மந்தையைத் துடைத்துக்கொண்டு போகும் கொள்ளை நோய் அது. இந்தியாவில் 1995க்குப் பிறகு அது தலைகாட்டவில்லை. 2011ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதனைப் பிடிக்கும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த வியாதி இது ஒன்றே. இதன் கடைசி யுத்தங்கள் ஆப்பிரிக்காவில் நடந்தன. எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனத்தில் பாதையும் கிடையாது, பனிக்கட்டிப் பெட்டியும் கிடையாது. சர்க்கார் வைத்தியர்கள் அங்கே போய் வரவும் முடியவில்லை. வெயிலைத் தாங்கி, குளிர்ப்பெட்டி இல்லாமலே சுமார் ஒரு மாதம் கெடாதிருக்கும் தடுப்பு மருந்தை அமெரிக்காவில் ஜெஃப்ரி மரைனர் என்பவர் தயாரித்தார். அதை 1990களில் எழுத்து வாசனையில்லாத இடையர்களிடமே கொடுத்து, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, ஊசி போடச் செய்தார்கள். எந்த மந்தை எங்கே மேய்கிறது, எந்தக் கிணற்றடிக்கு எப்போது வரும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். சர்க்காரால் வருஷக்கணக்காக நெருங்க முடியாத நோய், அவர்கள் கையால் ஒழிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த இடையர்களிடம் கொடுத்தது ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே காரியம். மருந்தைக் கொடுத்தனுப்பியவர்களும், எத்தனை மாட்டுக்குப் போட்டாய் என்று கணக்குக் கேட்டவர்களும் மிருக வைத்தியர்கள். சட்டம் நினைக்கும் மேற்பார்வை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்தியர் தோளோடு தோள் உரசி நிற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒரு துளி மருந்துகூட உள்ளே போகக்கூடாது.

நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் மேற்பார்வை எப்படி நடக்கிறது? வைத்தியர் ஒருவர், கிராமங்கள் பல. காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் முகாம், நடுவில் மீட்டிங்கு, அறிக்கை, செத்த மாட்டுக்குப் பரிசோதனை. கிளை நிலையத்தில் இருப்பவர் ஆய்வாளரோ உதவியாளரோதான். கட்டுக் கட்டுகிறார், காயடிக்கிறார், சினை ஊசி போடுகிறார். நாளடைவில் ஜுரத்துக்கும் மருந்து, மடி வீக்கத்துக்கும் மருந்து என்று நீண்டுவிடுகிறது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வாசலில் கண்ணீரோடு நிற்கும் குடியானவனிடம், "இது சிறு சேவையில் சேராது, அப்பா, திங்கட்கிழமை வா" என்று சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்? மாலையில் வைத்தியர் வந்து நோட்டுப் புத்தகத்தில் கையொப்பமிடுகிறார். மேற்பார்வை நடந்ததாகக் காகிதம் சொல்லுகிறது. நேரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா, டெலிபோனில் கேட்டால் போதுமா, மறுநாள் கையொப்பம் போட்டால் செல்லுமா என்று சட்டம் விளக்கிச் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எல்லா விபரீதங்களும் குடியிருக்கின்றன.

சிறு சேவைகள் என்று சட்டம் பெயரிட்டவையும் அப்படி ஒன்றும் சிறியவை அல்ல. கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது உயிரோடுள்ள கிருமி. வலுவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்குத்தான், ஆயுளில் ஒரே ஒரு தடவை போடவேண்டும். காளைக் கன்றுக்குக் கூடாது. சினைப் பசுவுக்குக் கூடாது. கன்று துள்ளும்போது ஊசி நழுவிப் போடுகிறவர் விரலில் ஏறிவிட்டால், மாட்டுக்கு வராமல் தடுக்கும் வியாதி மனிதனுக்கு வந்து, மாதக்கணக்கில் ஜுரமும் மூட்டுவலியுமாகப் படுத்திவிடும். கையுறையும் கண்ணாடியும் கொடுக்காமல் உதவியாளரை இந்த வேலைக்கு அனுப்புவது, துப்பாக்கி சுடத் தெரியாதவனைப் போருக்கு அனுப்புவதை ஒக்கும். சட்டத்தின் கண்ணில் இது வெறும் "தடுப்பூசி."

காயடித்தலும் அப்படியே. கற்களுக்கிடையே வைத்து நசுக்கிக் காளைகளைக் காயடித்த கொடிய முறை நம் கிராமங்களில் வெகுகாலம் இருந்தது. இத்தாலி தேசத்து பர்டிஸோ என்ற மிருக வைத்தியர் பெயரால் வழங்கும் இடுக்கி வந்தபின் இரத்தம் சிந்துவது நின்றது, வலி நிற்கவில்லை. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். பிராணிகளைக் கொடுமை செய்வதற்கு எதிராகப் புதிய சட்டம் வேண்டுமென்று ராஜ்ய சபையில் தனி மசோதா கொண்டுவந்து போராடியவர், நம் கலாக்ஷேத்திரத்தின் ஸ்ரீமதி ருக்மிணி தேவி. அவருடைய முயற்சியின் பயனாக 1960ல் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டமே, விதிப்படி செய்யப்படும் காயடித்தலையும் கொம்பு தீய்த்தலையும் மூக்கணாங்கயிறு போடுதலையும் கொடுமை என்ற கணக்கிலிருந்து விலக்கி வைத்தது. ஆனால் எந்த விதிப்படி என்பதை எழுதி முடிக்க 2023 வரையில் ஆயிற்று! அறுபத்து மூன்று வருஷம். அந்த விதிகள், மரப்பு மருந்து கொடுத்து, பதிவு பெற்ற வைத்தியரின் பொறுப்பிலேயே இவற்றைச் செய்யவேண்டும் என்கின்றன. 1984ஆம் வருஷத்துச் சட்டம் காயடித்தலைப் புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதோடு சேர்த்துச் சிறு சேவை என்கிறது. 2023ஆம் வருஷத்து விதி அதற்கு மயக்கமும் மரப்பும் வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவே இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் எதைப் பின்பற்றுவார்?

1960ஆம் வருஷத்துச் சட்டத்தில் மற்றொரு பிரிவும் உண்டு. அதில் பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற பேதமே இல்லை. பால் அதிகமாகச் சுரப்பதற்காகப் பசுவுக்குச் செய்யும் 'பூக்கா' என்ற கொடுமையையும், அதே நோக்கத்தோடு உடம்புக்குக் கேடாகப் போடும் ஊசியையும் எவர் செய்தாலும் குற்றம். கல்கத்தாவில் மாட்டுக்காரர்கள் பூக்கா செய்வதைப் பற்றி அறிந்ததுதான் மகாத்மா காந்தி பால் உண்பதையே விட்டதற்கு ஒரு காரணம். அதே மகாத்மா, 1927ல் பெங்களூரில் நோயிலிருந்து தேறிவந்த சமயத்தில், அங்கிருந்த கால்நடைப் பண்ணை ஸ்தாபனத்துக்கு மாணாக்கரைப்போலத் தினந்தோறும் போய் மாடு வளர்ப்பைப் பற்றிப் பாடம் கேட்டார். கோசேவை என்று மேடையில் பேசுகிறவர் முதலில் தொழுவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிற தேசங்களில் எப்படி என்று கேட்கலாம். ஆங்கிலேயரிடமிருந்து நாம் வேண்டாததையெல்லாம் வாங்கிக்கொண்டோம். இந்த விஷயத்தில் அவர்கள் 1966ல் செய்த சட்டத்தைச் சற்றுப் பார்த்திருக்கலாம். சொந்தப் பிராணிக்கு உடையவனோ அவன் வீட்டாரோ அவனுடைய வேலையாளோ சிறு சிகிச்சை செய்யலாம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. உயிரைக் காக்கவோ துன்பத்தைத் தணிக்கவோ ஆபத்து வேளையில் முதலுதவியை எவரும் செய்யலாம் என்றும் இருக்கிறது. 1991ல் கால்நடை நர்சுகளுக்குத் தனியாக இடம் கொடுத்து, வைத்தியர் கட்டளைப்படி மருந்து கொடுக்கலாம், வயிறு மார்பு முதலிய உட்குழிகளைத் திறக்காத சிறு ரண சிகிச்சையும் செய்யலாம் என்று கோடு கிழித்தார்கள். உடம்பின் உட்குழிக்கு இப்பால், அப்பால் என்பது எந்தப் பாமரனுக்கும் விளங்கும் கோடு. நம் 30ஆம் பிரிவில், தன் மாட்டுக்குத் தானே கைவைத்தியம் செய்யும் குடியானவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவன் செய்வதைத் தொழில் நடத்துவது என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார் என்பது உண்மையே. ஆயினும் நடு இரவில் பாதி வெளிவந்த கன்றின் காலைப் பிடித்து இழுத்துக்கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஆவான் என்பதைச் சட்டமே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் நடந்திருக்கின்றன. டிப்ளமாவோ சர்டிபிகேட்டோ பெற்று வருஷக்கணக்காகத் தொழில் செய்துவந்தவர்கள், தங்கள் பிழைப்பைப் பறிப்பது நியாயமல்ல என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இன்ன படிப்புப் படித்தவரே இன்ன தொழிலைச் செய்யலாம் என்று விதிக்கச் சட்டசபைக்கு அதிகாரம் உண்டு என்று 2007ல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சரியானதே. ஆனாலும் அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு "மிருக வைத்திய டிப்ளமா" என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் இன்றும் பையன்களைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. வைத்தியரின் கீழே உதவி செய்யத்தான் இந்தக் காகிதம் உதவும், தனியாகத் தொழில் நடத்த உதவாது என்பதைச் சேரும்போதே எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லுகிறார்கள்?

சமீபத்தில் வந்திருக்கும் ஒரு மாறுதல் நம்பிக்கை தருகிறது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த கிராமத்துப் பெண்களைப் 'பசு சகி' என்ற பெயரில் பழக்குகிறார்கள். வடமொழியில் பசு என்பது எல்லா விலங்குக்கும் பொது. ஆகவே பிராணிகளின் தோழி என்று பொருள் கொள்ளலாம். 2022ல் மத்திய சர்க்கார் இவர்களில் பலரைக் கால்நடை இலாகாவோடு இணைக்கும் திட்டத்தையும் தொடங்கியது. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது, ஊசி முகாமுக்கு ஊரைத் திரட்டுவது, நோய் கண்டால் உடனே வைத்தியருக்குத் தகவல் அனுப்புவது முதலியவை இவர்கள் வேலை. வீட்டு மருந்தும் உண்டு. மடி வீக்கத்துக்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசுவதை, தஞ்சாவூரில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பியிருக்கிறார்கள். இதைத் தடவ எந்தச் சர்டிபிகேட்டும் வேண்டாம். பாலில் அந்நிய மருந்து கலப்பதுமில்லை. பெண்களிடத்தில் இந்த வேலை போயிருப்பதில் இன்னொரு நன்மையையும் காண்கிறேன். தொழுவத்தைக் கூட்டி, தண்ணீர் காட்டி, பால் கறப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. மாடு இன்று ஒரு வாய் குறைவாகத் தின்றது என்பது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி ஆகவேண்டியது என்ன? புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. சிறு சேவைகள் எவை என்று கெஜட்டில் அறிவிக்கும் அதிகாரம் ராஜ்ய சர்க்காரிடம் ஏற்கனவே இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, எந்தக் காரியத்துக்கு வைத்தியர் நேரில் நிற்கவேண்டும், எதற்கு டெலிபோனில் கட்டளை போதும், எதை ஒருக்காலும் உதவியாளர் தொடக்கூடாது என்று பிரித்து எழுதிவிடலாம். நரம்பில் ஏற்றும் மருந்து முதல் வகையில் சேரவேண்டும். வைத்தியர் பார்த்து எழுதிக்கொடுத்த ஊசியின் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வேளைகள் இரண்டாவது வகையில் சேரலாம். ரண சிகிச்சை மூன்றாவது வகை. கட்டளை கொடுத்த வைத்தியரின் பெயரும் மணியும் மருந்தின் அளவும் அன்றன்றே எழுதப்படவேண்டும். ஆபத்து வேளையில் குடியானவனும் அவன் அண்டை வீட்டாரும் எதைச் செய்யலாம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். அப்படி எழுதியதை இங்கிலீஷில் கெஜட்டுக்குள் புதைத்துவிடாமல், நல்ல தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு மாட்டாஸ்பத்திரிச் சுவரிலும் பால் கூட்டுறவுச் சங்கத்து வாசலிலும் ஒட்டினால், பையைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், "ஐயா, நீங்கள் எந்த வகை?" என்று ஒரு பெண்பிள்ளைகூடக் கேட்டுவிடுவாள்.

அதுவரையில் ஒரு வழி இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரி வண்டி வரும், கூலி கிடையாது. ஒரு லக்ஷம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது திட்டம். வண்டியில் பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரும், உதவியாளர் ஒருவரும், ஓட்டுநர் ஒருவரும் இருப்பார்கள். உதவியாளர் மாட்டைப் பிடிக்கிறார், மருந்தை எடுத்துக் கொடுக்கிறார், கட்டுக் கட்டுகிறார். வைத்தியர் பார்த்துச் சொல்லுகிறார். சட்டம் காகிதத்தில் எழுதி வைத்த ஏற்பாடு அந்த வண்டிக்குள்ளேயாவது அப்படியே நடக்கிறது. வண்டி வந்து சேரும் வரை மாட்டை நிழலில் வைத்து, படுத்திருந்தால் மார்பை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயில் எதையும் ஊற்றாமல் இருப்பது யாரும் செய்யக்கூடிய உதவி.